ஈஸ்வரிக்காக நான் தின்ற ஊர்கள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். ஆறாவது, பத்தொன்பது வயதில் போடியில் என் வீட்டுக்கு மருமகளாக வந்த ஈஸ்வரி. "தாலி கட்டிக்கிட்டு வந்தவள என்னத்த வளத்தீக?" என்று அவளே கேட்டிருக்கிறாள். வளர்த்தேன் என்றால் வளர்த்தேன்தான்.

போன வாரம் இதே பக்கத்தில், தேவாரம் ஊரில் என் தம்பி தோட்டத்துக்கு யானை வந்த கதையைச் சொன்னேன். சிரித்தோம் என்று இரண்டு மூன்று பேர் போன் போட்டார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. கிடைக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த எழுத்து என் பேரும் பஸ்சு போர்டும்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி நந்தினி. ஈஸ்வரியின் மகள். அதனால்தான் இந்த வாரத்துக் கதையைச் சொல்ல இத்தனை நாள் தள்ளினேன்.

மதுரையில் ஒரு சின்னக் கடை. நேபாளத்துப் புருஷனும் பெண்டாட்டியும் நடத்துவது. ஆடுகிற மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு தட்டு, அதில் ஆவி பறக்க ஆறு கொழுக்கட்டை. அதற்கு மோமோ என்று பேர். எதிரே ஈஸ்வரி, மடியில் கை வைத்துக்கொண்டு. அவளுக்கு முன்னால் தட்டு இல்லை. கன்னத்தில் ஒரு ஏலக்காயை ஒதுக்கி வைத்திருந்தாள்.

"தின்னுங்க அத்தே. தின்னுட்டுச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? கொழுக்கட்டைக்குள்ள முட்டக்கோசு வச்சிருக்கான்."

"அது கண்ணுக்குத் தெரியிறது. நாக்குக்குத் தெரியிறதச் சொல்லுங்க."

பக்கத்தில் சிவப்பாக ஒரு துவையல் இருந்தது. அந்த நேபாளத்துப் பெண் தூரத்திலிருந்தே, "காரம், காரம்" என்று கையை ஆட்டினாள். போடிக்காரிக்கா காரம் சொல்லித் தருகிறாள் என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். காது அடைத்துவிட்டது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

ஈஸ்வரி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "அழுகாதீங்க அத்தே, நாலு பேரு பாக்குறாக."

"நான் எங்கடி அழுகுறேன்? அது மொளகா."

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்காக இன்னொரு கரண்டி கூடத் தின்றிருப்பேன்.

மூன்று டம்ளர்

ஈஸ்வரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. வாரம் இரண்டு நாள் தேனிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும். என் மகன் பாண்டி, மலைத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டுகிறவன். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவான். மதுரைக்கு அவளோடு போனது நான். போடிக்கு மறுபடி ரயில் வந்துவிட்டதுதான். அதன் நேரம் எங்களுக்குத் தோதுப்படவில்லை. பஸ்சில்தான் போவோம்.

அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். உப்பு கூடாது. தேங்காய், பருப்பு, பயறு, கீரை, வாழைப்பழம் எதுவும் கூடாது. கஞ்சி வடித்த சோறும், வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய சுரைக்காயும்தான். அதைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து, மருந்து குடிக்கிற மாதிரி தின்று முடிப்பாள். தாகம் எடுத்தால் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வாள். எச்சில் ஊறும், கொஞ்ச நேரம் தாங்கும். சொத்தை இல்லாத காயாகப் பொறுக்கி, சின்ன டப்பாவில் நான் போட்டுக் கொடுப்பேன்.

முதல் தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது உச்சி வெயில். எனக்குப் பசி. ஆனால் அவள் முன்னால் எதைத் தின்பது?

"கடைக்குப் போவோம் வாங்க."

"எனக்குப் பசிக்கல."

"காலையில ஒரு காப்பி குடிச்சது. பசிக்கலையாம்ல."

"நீ அந்தச் சுரைக்காயத் தின்னுட்டு உக்காந்திருப்ப, நான் உனக்கு முன்னாடி எல போட்டுத் திங்கணுமா? என்ன சென்மம்னு நினைச்ச என்னைய?"

"நீங்க பட்டினி கிடந்தா எனக்கு ரத்தம் ஊறுமா? பஸ்சுல மயங்கி விழுந்தா தூக்குறது யாரு? நீங்க என்ன லேசான ஆளா?"

என் உடம்பைச் சொல்கிறாள். கோபத்தில் எழுந்து நடந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள். கோபத்தோடு நடந்து போய் நின்ற இடம் ஒரு மலையாளத்தார் கடை. புட்டும் கடலைக்கறியும் என்று வாசலிலேயே வாசம்.

விலைப்பலகை

சின்ன வயதில் நான் குரங்கணிக்கு மேலேயும், அப்புறம் இடுக்கிப் பக்கத் தோட்டங்களிலும் ஏலக்காய் எடுத்தவள். புட்டும் கட்டன் சாயாவும் எனக்குப் பழகினது. கடைக்காரர் இரண்டாவது கரண்டி கடலை ஊற்ற வந்தபோது, "மதி சேட்டா" என்று கையால் தடுத்தேன்.

ஈஸ்வரி வாயைப் பிளந்தாள். "மலையாளம் பேசுவீகளா?"

"நீ கேட்டியா?"

"இருவது வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். இதக் கூடச் சொல்லல பாருங்க." பிறகு முன்னால் குனிந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"அது பதிலா? நான் ஒரு வாய் திங்க முடியாது. எனக்குத் தெரியிற மாதிரி சொல்லுங்க."

ருசியைச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். "புட்டு, மழைக்கு முந்தின மண்ணு மாதிரி உதிருது. கடலையில தேங்காயக் கருக விடாம, கருகுறதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி எடுத்திருக்கான். தொண்டையில போகும்போது மல்லி வாசம் வருது." அவள் கண்ணை மூடிக் கேட்டாள். வாயில் இருந்த ஏலக்காயை மென்றாள். தொண்டை அசைந்தது. நான் சொன்னதை விழுங்கினாள் என்றே எனக்குத் தோன்றியது.

பஸ்சில் வரும்போது அவள்தான் திட்டம் போட்டாள். "ராசிங்காபுரத்துல பிறந்தேன், போடியில வாக்கப்பட்டேன். மதுரையத் தாண்டி ஒரு ஊரு பாக்கல. இனிமே எங்க போக? ஊரு ஊரா உள்ள சனம் இங்க வந்து கடை போட்டிருக்கு. மாசம் ஒரு கடை. நீங்க தின்னுங்க, நான் ஊரு பாத்துக்கிடுறேன்."

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். வாசலில் விலை எழுதின பலகை இல்லாத கடைக்குள் நுழையக் கூடாது. அந்தப் பலகையை எழுத்துக் கூட்டி நான்தான் படிப்பேன். வெரசாப் படி என்று அவள் அவசரப்படுத்தக் கூடாது.

அப்படிப் போனோம். சௌராஷ்டிரக்காரர் வீட்டு வாசலில் முள்ளு முருங்கை இலை அரைத்துச் சுட்ட பச்சை வடை, மேலே பொடி தூவினது. ரயிலடிப் பக்கம் வடக்கத்தியார் கடையில் சுடச்சுடச் சப்பாத்தியும் பருப்பும். அந்தக் கடையில் கொடுத்த பாயசத்தில் ஒரு ஏலக்காய் கிடந்தது. எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். போன வருசத்துக் காய், வெளுத்தது. "இத யாரு ஒனக்கு வித்தது?" என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டேன். அவருக்குத் தமிழ் புரியவில்லை. ஈஸ்வரி என் முழங்கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

சாப்பிட்ட பிறகு பஸ்சுக்கு நேரம் இருக்கும். ஒரு தடவை தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். ஒரு தடவை பெரிய ஜவுளிக்கடைக்குள் போனோம். அங்கே தானாக நகருகிற படிக்கட்டு. முதலில் எனக்குக் கால் வரவில்லை. பயம் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று காலை வைத்துவிட்டேன். வீட்டில் நாலு படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். இதில் சும்மா நின்றாள்; மாடி வந்துவிட்டது.

"மூச்சு வாங்கல அத்தே. பாத்தீகளா, வாங்கல."

மறுபடி இறங்கினோம். மறுபடி ஏறினோம். மூன்றாவது தடவை காவலாளி வந்தார். "என்னம்மா வாங்கணும்? இறங்குற படி அந்தப் பக்கம்."

"தெரியும் தம்பி. அதுல ரெண்டு தடவ இறங்கிட்டோம்" என்றேன்.

சுளகில் கிடக்கும் நல்ல காய்

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் செய்த தப்பு உங்களுக்கு விளங்கும்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு முப்பது வருசம் போடியில் ஏலக்காய்க் கோடவுனில் காய் பொறுக்கினேன். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு ஒரு சுளகு, அதாவது முறம். சுளகு நிறையப் பச்சைக் காய். அதில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது, சுருங்கினது எல்லாவற்றையும் விரலால் எடுத்துத் தள்ள வேண்டும். நல்ல காயை யாரும் தொட மாட்டோம். அது பாட்டுக்குச் சுளகில் கிடக்கும். கை போவது கெட்ட காயின் மேல் மட்டும்தான்.

வேலை வாங்குகிறவரும் அப்படித்தான். சுளகைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் போனால் வேலை சுத்தம் என்று அர்த்தம். வாயைத் திறந்தால் ஏதோ குற்றம். முப்பது வருசத்தில் என் சுளகுக்கு முன்னால் அவர் வாய் திறந்தது நாலைந்து தடவைதான். அந்தப் பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தக் கையையும் அந்த வாயையும் நான் கோடவுனிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

ஈஸ்வரி வந்த புதிதில், ஒரு தை மாதம், அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து பச்சை மொச்சை வந்தது. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நான் இரண்டாம் தரம் சோறு வாங்கித் தின்றேன். கை கழுவி எழுந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவள் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கோடவுன் வாசலை மிதிக்காதவள். அவளுக்கு அது எப்படித் தெரியும்? உப்புக் கூடினால் அன்றைக்கே சொன்னேன். சோறு குழைந்தால் சொன்னேன். பாத்திரத்தில் பிசுக்கு இருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். இருபது வருசத்துக்கு மேல் என் வாயிலிருந்து அவள் கேட்டது கெட்ட காய் மட்டும்தான்.

பர்மாக்காரம்மா கடை

கடைசியாகப் போனது ஐப்பசியில். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து வந்த குடும்பத்து அம்மா ஒருத்தர், என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர், சந்துக்குள் கடை வைத்திருந்தார். மஞ்சள் நூடுல்சைக் கையாலேயே பிசைந்து, புளித்தண்ணீர் விட்டு, பொரித்த வெங்காயமும் நொறுக்கின வடையும் தூவிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பு.

ஈஸ்வரியின் முகம் அன்றைக்கு ஊதியிருந்தது. பாதத்தில் செருப்பு ஏறவில்லை. வாரைக் கழற்றிவிட்டு நடந்தாள். அடுத்த மாதம் வர முடியுமோ முடியாதோ என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"சொல்லுங்க அத்தே."

அதற்குள் எனக்கு வாய் பழகியிருந்தது. "முதல்ல புளி. ஆனா நம்ம புளிக்கொழம்பு மாதிரி அடிக்கல, எட்டி நின்னு கூப்பிடுது. அப்புறம் வெங்காயம், கருகலா, இனிப்பா. நடுவுல அந்த வடை மொறுமொறுன்னு உடையுது. சூப்பு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. தொண்டைக்குள்ள போனப்புறந்தான் மொளகு முழிச்சுப் பாக்குது."

அடுப்படியில் நின்ற பர்மாக்காரம்மா சிரித்துவிட்டார். "ஆத்தா, நாப்பது வருசமா இந்தக் கடையில நிக்கிறேன். ஒருத்தர் இப்படிச் சொல்லல. நல்லா இருங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஈஸ்வரி சிரிக்கவில்லை. மேசையை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரு சோத்துக்கும் சொல்றீக. என் மொச்சக் கொழம்பு எப்படி இருக்கும் அத்தே?"

நான் சூப்பைக் குடித்தேன்.

"சடைச்சுக் குத்திக்காட்டுறதுக்குக் கேக்கல. நெசமாவே எனக்கு மறந்துபோச்சு. ஒரு வருசமா உப்புப் பாக்கக் கூட நாக்குல வைக்கல. கை பாட்டுக்கு வைக்குது. அது என்ன ருசின்னு எனக்கே தெரியல. நீங்க சொன்னா ஞாவகம் வரும்."

நந்தினி இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அம்மா இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே அப்பத்தா." சொல்லியிருக்க மாட்டாள். எழுது ஆத்தா.

எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. நாக்கு நுனியில் முழுதாக இருந்தது. ஆனால் நல்ல காயை நாங்கள் கையால் அள்ளுவது ஒரே ஒரு நேரத்தில்தான். சாக்கில் கட்டி லோடு ஏற்றி அனுப்புகிறபோது. அதற்கு முன்னால் தொட மாட்டோம். சொல்லிவிட்டால் அவளை அனுப்பிவைக்கிற மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம். அதோடு என் வறட்டு வீம்பும் சேர்ந்துகொண்டது.

"இப்ப என்ன அவசரம்? பஸ்சுக்கு நேரமாச்சு. தையில பச்ச மொச்ச வரட்டும். நீ வச்சுக் குடு, தின்னுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சரி அத்தே" என்றாள். டப்பாவைத் திறந்து ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பஸ்சில் என் தோளில் தலை வைத்துத் தூங்கினாள். உசிலம்பட்டி தாண்டும் வரை நான் அசையவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு நாலைந்து நாள் இருந்தபோது, தேனியில், படுத்த கட்டிலிலேயே போய்விட்டாள். நான் வெளியே பெஞ்சில் அவள் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று டம்ளரில் ஒன்றரை அன்றைக்கு மிச்சம் இருந்தது.

தை

தை பிறந்தது. பச்சை மொச்சையும் வந்தது. ஈஸ்வரியின் அண்ணன் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போனார். இரண்டு நாள் யாரும் அந்தப் பையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் உரிக்க உட்கார்ந்தேன்.

அவள் வைக்கிறதைப் பார்க்காத மாதிரி இருபது வருசம் பார்த்தவள் நான். எப்போது புளி ஊற்றுவாள், எப்போது தேங்காய் அரைப்பாள் எல்லாம் தெரியும். அதே மாதிரி வைத்தேன். இறக்கி வாயில் வைத்தால் என் குழம்புதான் வந்திருந்தது.

பாண்டி சாப்பிட்டான். ஒரு தரம்தான் சோறு வாங்கினான். ஒன்றும் சொல்லாமல் கை கழுவ எழுந்தான். என் பிள்ளை அல்லவா. நான் கரண்டியைப் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாத ஒரு முகத்துக்கு முன்னால் கரண்டியோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எழுபத்து மூன்று வயதில் எனக்குத் தெரிந்தது.

கை கழுவித் திரும்பியவன் பார்த்துவிட்டான். "என்னத்தா, அழுகுறியா?"

"மொளகா" என்றேன்.

தின்றுவிட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். இனி அந்தக் குழம்பைத் தின்ன முடியாது. தின்னாமலே சொல்கிறேன்.

ஈஸ்வரி, உன் மொச்சைக் குழம்பில் முதலில் தெரிவது புளி இல்லை. மொச்சையின் பச்சை வாசம்தான். அதைப் போகவிடாமல் எப்படி வேகவைத்தாய் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. தோல் பல்லில் ஒரு நொடி நிற்கும். உள்ளே வெண்ணெய் மாதிரி கரையும். கத்தரிக்காய் முழுசாகத் தெரியும், தொட்டால் விண்டுவிடும். புளி நாக்கின் ஓரத்தில் மெல்லப் பிடிக்கும். பிறகு வறுத்த தேங்காய் வந்து அதைச் சமாதானம் செய்யும். எல்லாம் இறங்கின பிறகு, கடைசியாகச் சீரகம் தொண்டையில் நிற்கும். சாயங்காலம் வரை நிற்கும். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அது இன்னும் நன்றாக இருக்கும். நீ தண்ணீர் எடுக்கப் போகிற நேரம் பார்த்து, சட்டியை வழித்துத் தின்றது நான்தான். பூனை என்று சொன்னேன். பூனை இல்லை.

மலையாளத்தார் கடை, சௌராஷ்டிரக்காரர் கடை, நேபாளத்தார் கடை, பர்மாக்காரம்மா கடை எல்லாம் தின்று பார்த்தேன். அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. என் கைக் குழம்பும் அதற்குக் கீழேதான். இதை நான் சொல்கிறேன்.

எழுதிட்டியா நந்தினி? மூக்கைத் துடைச்சுக்க. இப்ப, "ஈஸ்வரி"ன்னு ஆரம்பிச்ச எடத்துலருந்து திருப்பிப் படி. சத்தமாப் படி ஆத்தா. அடுப்படிக்குக் கேக்கணும்.